அம்மாவின் இளைப்பு: ஜூன் குறிப்புகள்

ஜூன் 14, மண்டபம்

இன்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. சாயங்காலத்திலிருந்தே ஐஸ் வண்டிகள் ஜெட்டிக்குப் போகின்றன. அம்மா கருவாடு காயப்போடும் வலையை எடுத்து உதறினாள். ஆஸ்துமாவுக்காகத் தினமும் இழுக்க வேண்டிய புடெசோனைடு பம்பை (இன்ஹேலரை) ஏப்ரலிலேயே விட்டுவிட்டாளாம். "இந்த ரெண்டு மாசமா இளைப்பே வரலையே. பம்பு பழகினா விடாதுன்னு பக்கத்து வீட்டு அக்கா வேற சொல்லுச்சு" என்றாள். எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூன் 19

கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. தென்கடல் பக்கம் ஒரே மணல், அதோடு கரிமூட்டப் புகை. இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இளைப்பு வந்தால் இழுக்கும் நீலப் பம்பை ஸ்பேசர் என்ற குடுவையில் பொருத்தி நான்கு முறை கொடுத்தேன். விசில் சத்தம் குறைந்தது, ஆனால் மூச்சு முழுசாக இறங்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெபுலைசர் வைத்தார்கள், ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

விடியும்போது இருமி இருமி ஒரு கோழையைத் துப்பினாள். வெந்த சேமியா போல வெள்ளையாக, ஒரு முனை இரண்டாகப் பிரிந்திருந்தது. மூச்சுக்குழாய்க் கிளைக்குள் வார்த்தெடுத்த அச்சு அது. அவ்வளவு நேரம் அந்தக் கிளைக்குள் காற்றே போயிருக்காது.

ஜூன் 20

காசநோய்க்குச் சளி பார்ப்பது என் அன்றாட வேலை. இன்று அம்மாவுடையதை நுண்ணோக்கியில் பார்த்தேன். இரண்டு முனையும் கூரான ஊசிப் படிகங்கள் கிடந்தன. பிரெஞ்சு மருத்துவர் சார்கோ 1853-ல் விவரித்தவை. ஜெர்மன் மருத்துவர் லேடன் 1872-ல் ஆஸ்துமாக்காரர்களின் சளியிலும் கண்டார். இயோசினோஃபில் என்ற வெள்ளணு உடையும்போது அதன் புரதம்தான் இப்படிப் படிகமாகிறது. அம்மாவுக்கு இளைப்பே இல்லாத இரண்டு மாதமும் உள்ளே அழற்சி அணையாமல் இருந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மூச்சுக்குழாயின் உள்தோலில் கோப்பைச் செல்கள் உண்டு. வாய் அகன்று, அடி ஒடுங்கி, உள்ளே சளி நிரம்பியிருக்கும். அவை சுரக்கும் சளி தூசியைப் பிடிக்கும்; பக்கத்துச் செல்களின் நுண்மயிர்கள் அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். அழற்சி நீடித்தால் இன்டர்லூக்கின்-13 என்ற புரதத்தின் தூண்டுதலில் கோப்பைச் செல்கள் பெருகுகின்றன. நுண்மயிர்ச் செல்கள் குறைகின்றன. சளி கூடிப்போய்த் தள்ள ஆள் இல்லை. நீலப் பம்பிலுள்ள சால்பூட்டமால் குழாயைச் சுற்றிய தசையைத்தான் தளர்த்தும். இந்தச் செல்களை ஒன்றும் செய்யாது. அழற்சியைத் தணிப்பது அம்மா நிறுத்திய அந்தப் பம்புதான்.

ஜூன் 22

அம்மாவுக்குக் கடல்பாசியை வைத்துச் சொன்னேன். ஒரு பிடி பாசி ஒரு பாத்திரத் தண்ணீரையே கட்டியாக்குகிறதே, சளியும் அப்படித்தான். நல்ல சளியில் நூற்றுக்கு 97 பங்கு தண்ணீர். மீதியில் இருக்கிற மியூசின் புரதம் கூடினால் இறுகிவிடும். "அப்போ நெஞ்சுக்குள்ள பாசி காய்ச்சி வச்சிருக்கேன்ங்கிறியா?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

ஜூன் 29

ஏழு நாளாகக் காலையும் இரவும் புடெசோனைடு பம்பு. வாயில் வெண்படலம் படியாமலிருக்க ஒவ்வொரு முறையும் கொப்பளிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்று நெத்திலி காயப்போடப் போனாள், மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு. கிளம்பும்போது குழாயடியிலிருந்து குரல் கொடுத்தாள்: "கொப்பளிச்சுட்டேன் தம்பி!"