மூட் கோர்ட் வேற, ட்ரையல் வேற: கிராஸ் (குறுக்கு விசாரணை) பழகுற லா ஸ்டூடண்ட்ஸுக்கு

காரைக்குடியில லா படிக்கிற பசங்களுக்கு சனி ஞாயிறுல மாக் ட்ரையல், அதாவது சாட்சி வெச்சு நடத்துற மாதிரி விசாரணை, சொல்லித் தர்றேன், அதுல பார்த்ததை எழுதுறேன். மூட்ல, அதாவது சட்ட வாதம் மட்டும் பண்ற போட்டியில, கப் வாங்குனவங்களே சாட்சி முன்னாடி நின்னா திணறுறாங்க, ஏன்னா மூட்ல ஃபேக்ட்ஸ் முன்னாடியே பேப்பர்ல இருக்கும், ட்ரையல்ல அதை சாட்சி வாயில இருந்து வர வைக்கணும்.

நாங்க போட்ட கேஸ் இதுதான். பூட்டிக் கிடக்குற செட்டிநாட்டு வீட்ல பர்மா தேக்குக் கதவு திருட்டு. வாட்ச்மேன் போலீஸ்ல சொன்னது "இருட்டு, ரெண்டு பேர் ஓடுனாங்க", அவ்வளவுதான். கோர்ட்ல வந்து முகப்பு லைட்ல முகத்தைப் பார்த்தேங்குறார். பசங்க உடனே "இருட்டுல எப்படிங்க பார்த்தீங்க?"ன்னு பாய்வாங்க. அவரும் லைட் எங்க இருந்துச்சு, எங்க நின்னேன்னு விளக்கம் குடுத்து ஓட்டையை அவரே அடைச்சிடுவார். கிராஸ்ல "எப்படி", "ஏன்" வேண்டவே வேண்டாம்.

"அன்னைக்கே போலீஸ் விசாரிச்சாங்க?" "இருட்டா இருந்துச்சுன்னு சொன்னீங்க?" "லைட் எரிஞ்சதா சொல்லலை?" இப்படி ஒரு கேள்விக்கு ஒரு ஃபேக்ட். பதில் டெபாசிஷன்ல (கோர்ட் எழுதிக்கிற சாட்சியத்துல) நம்ம கேள்வியோட சேர்ந்து "என்றால் சரிதான்"னு தமிழ்ல ஏறும், ரெண்டு ஃபேக்டை சேர்த்துக் கேட்டா எது சரின்னு பின்னாடி நமக்கே தெரியாது, அதனால கேள்வியை தமிழ்லயே எழுதிப் பழகுங்க. அவர் மறுத்தா போலீஸ்ல குடுத்த ஸ்டேட்மென்ட்ல அந்த வரியை மட்டும் காட்டிக் கேக்கணும், பழைய எவிடன்ஸ் ஆக்ட் 145, இப்போ அதுக்குப் பதிலா வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் 148. அதோட விட்டுடக் கூடாது, ஐஓ (கேஸை விசாரிச்ச போலீஸ் அதிகாரி) கூண்டுல ஏறும்போது "இந்த சாட்சி உங்ககிட்ட இப்படித்தான் சொன்னார்?"னு கேட்டு ப்ரூவ் பண்ணணும். பாதிப் பேர் இதைத்தான் மறக்குறாங்க, அப்புறம் ஆர்க்யூமென்ட்ல அந்த முரண்பாட்டைத் தூக்கிப் பேச முடியாது.

சீஃப்ல (நம்ம சாட்சியை நாமளே முதல்ல விசாரிக்கிறப்போ) இதுக்கு நேர் எதிர், லீடிங் (பதிலை நாமளே எடுத்துக் குடுக்குற கேள்வி) கூடாது, "அப்புறம் என்ன நடந்துச்சு"ன்னு விட்டுட்டு கேட்டுக்கிட்டு நில்லுங்க.

புதுச் சட்டம் 2024 ஜூலை 1ல இருந்துதான், பழைய கேஸ் கட்டுல பழைய செக்‌ஷன்தான் வரும், ரெண்டையும் வெச்சுக்கோங்க.

ட்ரையல் பார்த்து ரெக்கார்ட் எழுத 30 மார்க் இருக்கே, சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுறதுக்குப் பதிலா தேவகோட்டை கோர்ட்டுக்கோ சிவகங்கை கோர்ட்டுக்கோ பஸ் ஏறுங்க. சாட்சி வர்ற தேதியை ஜூனியர் வக்கீல்கள்ட்ட கேட்டுட்டுப் போங்க, சும்மா போனா வாய்தா வாங்குறதைத்தான் பார்த்துட்டு வருவீங்க.