காரணம் எழுத இடமில்லாத தாள்

“என் பெயர் கிறிப்பில் விழுந்துவிட்டது, சேர்.” கடன் பிரிவில் என் மேசைக்கு முன்னால் வந்து அமர்பவர்கள் இதை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள். கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு குரலைத் தணித்துக்கொள்வார்கள். களவெடுத்துப் பிடிபட்டவர் பேசுவது போல இருக்கும். திருகோணமலை நகரில் ஒரு வங்கிக் கிளையில் பதினாறு வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்தக் குரல் இன்னும் எனக்குப் பழகவில்லை.

கிறிப் (CRIB) என்று நாங்கள் சொல்வது இலங்கையின் கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. ஊரில் நினைப்பது போல அது கறுப்புப் பட்டியல் அல்ல. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் லீசிங் கம்பனிகளும் தங்களிடம் கடன் எடுத்தவர் எவ்வளவு எடுத்தார், எவ்வளவு கட்டினார், எத்தனை நாள் பிந்தினார் என்பதை அங்கே அனுப்புகின்றன. இன்னொரு நிறுவனம் கேட்டால் அந்த விபரம் அறிக்கையாக வருகிறது. கொடுப்பதா மறுப்பதா என்பது எங்களைப் போன்றவர்கள் எடுக்கும் முடிவு. ஆனால் “கிறிப் விடாது” என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்புவது எங்களுக்கு எளிது. அது முழு உண்மை அல்ல என்று தெரிந்துகொண்டே நானும் பல தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அதை நிறுத்தியது ஒரு மீனவரைச் சந்தித்த பிறகு.

2022 கார்த்திகை மாதம். வெளியே மாரி மழை. சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து வந்திருந்தார், ஐம்பது வயது தாண்டியவர். 2019இல் எங்களிடம் கடன் எடுத்து பைபர் படகும் எஞ்சினும் வாங்கியவர். கொரோனா காலத்தில் தவணைச் சலுகை கிடைத்தது. ஆனால் சலுகைக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது முடிந்து அவர் மூச்சு விடுவதற்குள் நாடே கையை விரித்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஓகஸ்ட்டில் 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாய் ஆனது. அதற்கு முந்தைய மாதங்களில் அந்த 87 ரூபாய்க்கும் எண்ணெய் கிடைக்காமல் கான்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

“ஒரு தடவை கடலுக்குப் போக 20 லீற்றர் வேண்டும், தம்பி. மீன் படாவிட்டாலும் எண்ணெய் எரிந்தது எரிந்ததுதான்” என்றார். கணக்கு எளியது. 1,740 ரூபாயில் போன பயணம் 6,800 ரூபாய் ஆகியிருந்தது.

அவருடைய அறிக்கை என் முன்னால் இருந்தது. எங்கள் கடனில் 151 நாட்கள் நிலுவை. வேறு விளக்கம் எதுவும் அதில் கிடையாது. இருந்தாலும் கேட்டேன், “அண்ணன், வேறு எங்கெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கிறது? மறைக்காமல் சொல்லுங்கள்.” சொப்பிங் பையை அவிழ்த்து ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். மனைவியின் குழுக்கடன் அட்டை, கடைக் கொப்பி, சீட்டு எழுதிய துண்டு, பிள்ளையின் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்று. மீன் வாங்கும் முதலாளியிடம் எடுத்த முற்பணத்துக்கு எழுத்தே இல்லை. அது பிடித்த மீனின் விலையில் கழிந்துகொண்டிருந்தது. கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினேன். எங்களுடையதோடு ஆறு கடன்கள்.

அந்தப் பாடசாலைக் கொப்பியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஊரில் ஒருவரிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கியிருந்தார். மாதா மாதம் 5,000 ரூபாய் கொடுத்து, கொப்பியில் திகதி போட்டு, கடன் கொடுத்தவரிடம் கையெழுத்தும் எடுத்திருந்தார். பதினொரு வரிகள், பதினொரு கையெழுத்துகள். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. 55,000 ரூபாய் போய்விட்டது, முதல் 50,000 அப்படியே நின்றது.

“அதைக் கட்டியிருக்கிறீர்கள். எங்கள் தவணையில் பாதியையாவது கொண்டு வந்திருக்கலாமே?” என்று கேட்டேன்.

“நீங்கள் கடிதம்தானே அனுப்பினீர்கள், தம்பி. அவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.”

அன்று இரவு வீட்டிலும் அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டிருந்தேன். கஷ்ட காலத்தில் மனிதர் கடனை வட்டி வீதம் பார்த்துக் கட்டுவதில்லை, மானத்தைப் பார்த்துத்தான் கட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும்படி சத்தம் போடுகிறவருக்கு முதல் பணம். சத்தம் போடாத வங்கிக்குக் கடைசிப் பணம். வாசலில் வந்து நின்றவருக்குக் கட்டிய எந்தக் காசும் கிறிப்பில் ஏறாது. வட்டிக்கடன், சீட்டு, மளிகைக் கடைக் கொப்பி எதற்கும் அங்கே இடமில்லை. அந்த மனிதர் தன் வாழ்நாளில் மிக ஒழுங்காகக் கட்டிய கடன் எங்கள் பார்வைக்கு வரவே இல்லை. தவறிய ஒன்று மட்டும் நாள் கணக்கோடு பதிவாகியிருந்தது. அந்த 151 நாளை வைத்து நாங்கள் அவரை நேர்மையில்லாதவர் என்று படித்துவிடுகிறோம். அவர் எங்களுக்குத் தவறியதற்குக் காரணமே அவர் வேறொருவருக்குத் தவறாமல் கட்டியதுதான்.

பெண்களின் குழுக்கடனிலும் இதையே கண்டிருக்கிறேன். கிழமைக்கு ஒரு நாள் யாராவது ஒருவருடைய முற்றத்தில் கூடுவார்கள். ஒருத்தியின் கட்டுக்காசு குறைந்தால் மற்றவர்கள் எழும்ப முடியாது. பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும் நேரம் ஆகிவிடும். குறைந்தவள் ஓடிப்போய்த் தோட்டை அடகு வைத்துக் கொண்டு வருவாள், அல்லது இன்னொரு கம்பனியில் புதுக் கடன் எடுப்பாள். 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த கடன்களுக்கே அது பொருந்தியது. மூச்சுத் திணறியபடி தவறாமல் கட்டியவளுக்கு அதில் எதுவும் இல்லை. நகை அடகுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா என்னிடம், “நான் கட்டாமல் விட்டிருக்க வேண்டுமா, சேர்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிணை நின்றவர்கள் கதை தனி. மூதூரிலிருந்து ஒரு ஆசிரியை கூரை போடக் கடன் கேட்டு வந்தார். சொந்தமாக ஒரு சதம் நிலுவை இல்லை. ஆனால் கூடப் படிப்பித்தவருக்குப் போட்ட பிணைக் கையெழுத்து அறிக்கையில் இருந்தது, அந்தக் கடன் நின்றுபோயிருந்தது. தன் பெயருக்குப் பக்கத்தில் அதைப் பார்க்கும்வரை அவருக்குத் தெரியாது. தன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம் என்பதும் தெரியாது. இதைப் பாடசாலையிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பதினெட்டு வயதில் அடையாள அட்டையோடு முதல் கையெழுத்தைப் போடப் போகும் பிள்ளைகள் அவர்கள்.

மீனவரின் கடனைக் காலம் நீட்டி, தவணையைக் குறைத்துத் திரும்ப எழுதினோம். முதல் தவணை தவறிய மாதமே வந்திருந்தால் இன்னும் நல்லபடியாகச் செய்திருக்கலாம். இப்போது தவணை பிந்தும் ஒவ்வொருவருக்கும் கடிதம் போவதற்கு முன் நானே தொலைபேசியில் பேசுகிறேன். “காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆளாவது வாருங்கள்” என்கிறேன். கட்ட முடியாத காரணத்தை எழுதித் தரச் சொல்லி, கோப்பில் போட்டு வைக்கிறேன். இது என் வேலை விபரத்தில் இல்லை.

2024இல் அவர் திரும்ப வந்தார். பழைய எஞ்சின் இனித் தாங்காது. திரும்ப எழுதிய கடனில் ஒரு தவணையும் தவறவில்லை, ஆனால் 2022இன் நாட்கள் அறிக்கையில் அப்படியே இருந்தன. விண்ணப்பத்தை மேலிடத்துக்கு அனுப்பினேன். “முந்தைய நிலுவைக்குக் காரணம் என்ன? ஆதாரம்?” என்று திரும்பி வந்தது. நான் மகிழ்ந்தேன் என்றே சொல்ல வேண்டும். பதினாறு வருடத்தில் காரணம் கேட்டு வந்த கோப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவரை அழைத்தேன். அதே சொப்பிங் பை. அதே பாடசாலைக் கொப்பி. பதினொரு வரிகள் இப்போது பத்தொன்பதாகியிருந்தன. கடைசி வரியில் முதலும் தீர்ந்தது என்று எழுதி, கடன் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு பக்கமாகப் பிரதி எடுத்து, “இதுவும் கடன் வரலாறுதான்” என்று ஒரு வரி எழுதி விண்ணப்பத்தோடு இணைத்தேன். பிரதி எடுத்து முடிக்கும்வரை அவர் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும் கொப்பியை வாங்கி, மடங்கியிருந்த ஒரு மூலையை விரலால் நீவி நேராக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.