கார் டீடெய்லிங்: பாட்டிலைக் கடைசியா தேர்வு பண்ணுங்க

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணான், முன்னாடி என்கிட்ட ரெண்டு வருஷம் வேலை பார்த்தவன், இப்ப சொந்தமா டீடெய்லிங் ஷெட் போடப் போறானாம், அதாவது காரை நுணுக்கமா கழுவி, பாலிஷ் போட்டு, பெயிண்ட் மேல கோட்டிங்னு ஒரு பாதுகாப்புப் பூச்சு போடுற கடை. "அண்ணே, என்னென்ன வாங்கி வைக்கணும்னு ஒரு லிஸ்ட் மட்டும் அனுப்புங்கண்ணே, எந்த கோட்டிங் நல்லதுன்னு சொல்லிடுங்க, அதையே வாங்கிடுறேன்"னு கேட்டான். சரின்னு எழுத உக்காந்தேன், பத்து நிமிஷம் ஆச்சு, ஒரு வரி கூட நகரல. எந்த பாட்டில் பேரை எழுதினாலும், அது எந்த பெயிண்ட் மேல போகப் போகுது, அந்த வண்டியை அப்புறம் யாரு எப்படி கழுவப் போறாங்க, இந்த ரெண்டும் தெரியாம எழுதுற மாதிரியே தோணுச்சு. அதனால அவன்கிட்ட சொல்ல நினைச்சதை இங்கயே எழுதிடுறேன், புதுசா தொழிலுக்கு வர்ற மத்தவங்களுக்கும் உதவும்.

முதல்ல பெயிண்ட். நாம வேலை செய்யுற இடமே ரொம்ப மெல்லிசு. கம்பெனில இருந்து வர்ற காரோட மொத்த பெயிண்ட் தடிமன் பொதுவா 100ல இருந்து 180 மைக்ரான் வரைக்கும் இருக்கும், அதுல கலருக்கு மேல கலர் இல்லாம இருக்குற கிளியர் கோட் மட்டும் பார்த்தா ஏறக்குறைய 35ல இருந்து 50 மைக்ரான் தான். ஒரு தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும், அதை விட மெல்லிசு. வெயில்ல இருக்குற யூவி கீழ இருக்குற கலரை அடிக்காம தடுக்குறது இந்த லேயர் தான். காம்பவுண்ட், அதாவது கீறலை எடுக்குற சொரசொரப்பான பேஸ்ட் போட்டு மெஷின்ல ஒரு தடவை நல்லா தேய்ச்சு வெட்டினா அதுல சில மைக்ரான் போயிடும், போனது போனது தான். கோட்டிங் போட்டா அந்த தடிமன் திரும்ப வந்துடும்னு நினைச்சுட்டு வர்ற கஸ்டமர் நிறைய பேர், ஆனா கையால தடவுற செராமிக் கோட்டிங் காய்ஞ்சதுக்கு அப்புறம் ஒரு மைக்ரான் பக்கத்துல தான் நிக்கும், அதனால வெட்டுறதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிக்கணும். என்னோட ஷெட்ல வண்டி வந்தா பாட்டில் எடுக்குறதுக்கு முன்னாடி தடிமன் கேஜ் தான் கையில எடுப்போம், ஒவ்வொரு பேனல்லயும் நாலஞ்சு இடத்துல வச்சுப் பார்ப்போம். ஒரு கதவு மட்டும் 250, 300னு காட்டினா அது ரீபெயிண்ட் ஆயிருக்கு, ஆயிரத்தைத் தாண்டினா உள்ள பட்டி இருக்கு. இதுல கவனிக்கணும், ரீபெயிண்ட் பண்ண பேனல்ல அதிகமா காட்டுதேன்னு தாராளமா வெட்டக் கூடாது, அடியில பழைய பெயிண்ட் எவ்வளவு இருக்கு, மேல கிளியர் எவ்வளவு இருக்குன்னு அந்த கேஜ் பிரிச்சு சொல்லாது.

இனி கழுவுற சரக்கு. எனக்கு கோட்டிங்கை விட இதுல தான் அக்கறை அதிகம், பெயிண்ட்ல வர்ற கீறல்ல பெரும்பங்கு கழுவும்போதும் துடைக்கும்போதும் தான் விழுது. பாட்டில்ல முதல்ல பார்க்க வேண்டியது பிஎச். 7 நடுநிலை, கீழ போனா அமிலம், மேல போனா காரம், ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம், அதாவது 12 இருக்குற கிளீனர் 10 இருக்குறதை விட நூறு மடங்கு காரம். 'கொஞ்சம் ஸ்ட்ராங்' அப்படின்னு வாயால சொல்றது இந்த அளவுக்கு பெரிசு. தினசரி கழுவுறதுக்கு நடுநிலை ஷாம்பு, நல்லா வழுக்கணும், நுரை எவ்வளவு கெட்டியா வருதுன்னு பார்த்து வாங்காதீங்க, வீடியோவுக்கு அழகா இருக்கும் அவ்வளவு தான், கையில எடுத்து ரெண்டு விரல் நடுவுல தேய்ச்சா வழுக்கல் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாருங்க, அது தான் மண்ணைப் பெயிண்ட்ல இழுக்காம காப்பாத்துறது. முன்கூட்டியே அடிக்கிற ஃபோம் மட்டும் லேசா காரமா இருக்கலாம், ரோட்டு அழுக்குல எண்ணெய் பசை இருக்கும், அதைத் தளர்த்த காரம் வேணும்.

இதுல எனக்கு ஒரு பாடம் இருக்கு, இன்னைக்கு நினைச்சாலும் வலிக்குது. தொழில் ஆரம்பிச்ச புதுசு, ஒரு கருப்பு கார், ஜன்னலைச் சுத்தி பளபளன்னு வெள்ளி மாதிரி பட்டை போட்டிருக்கும்ல, அந்த மாதிரி வண்டி. பூச்சி ஒட்டி காய்ஞ்சு கிடந்தது, சக்கர வளைவுக்கு உள்ள அடிக்கிற காரமான டீகிரீசரை கொஞ்சம் தண்ணி கலந்து முழு வண்டிக்கும் அடிச்சுட்டேன், அடிச்சுட்டு ஒரு போன் வந்துச்சு, பேசி முடிச்சு வர்றதுக்குள்ள வெயில்ல அது காய ஆரம்பிச்சிருந்தது. கழுவினேன், பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அந்த பட்டை முழுக்க பால் ஊத்தின மாதிரி வெள்ளையா கோடு கோடா இறங்கியிருந்தது. நான் குரோம்னு நினைச்சேன், அது அனோடைஸ் பண்ண அலுமினியம், அதாவது மின்சாரம் வச்சு மேல ஆக்சைடு லேயர் ஏத்தினது. அலுமினியத்து மேல இருக்குற அந்த ஆக்சைடு லேயரை காரம் அரிச்சிடும், அரிச்சதைத் துடைச்செல்லாம் எடுக்க முடியாது. எல்லா பட்டையும் புதுசா வாங்கி மாட்டிக் கொடுத்தேன், ஓனர்கிட்ட நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாட்டில் மேல 'அனோடைஸ் அலுமினியத்துல உபயோகிக்க வேண்டாம்'னு பொடி எழுத்துல போட்டு தான் இருந்தது, நான் தான் படிக்கல. அன்னைல இருந்து எந்த புது கெமிக்கல் வந்தாலும் லேபிளும், உள்ள என்ன இருக்கு, என்ன ஆபத்துன்னு கம்பெனி கொடுக்குற சேஃப்டி டேட்டா ஷீட்டும் படிக்காம மூடியைத் திறக்குறது இல்ல.

அந்த ஷீட்டைப் படிக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் உங்க உடம்பு. வீல் கிளீனர்ல சிலதுல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இல்லைன்னா அமோனியம் பைஃப்ளோரைடு இருக்கும், ஒரு அடியில அழுக்கெல்லாம் போயிடும், பார்க்க அதிசயமா இருக்கும். ஆனா அது தோல் வழியா உள்ள இறங்கி உடம்புல இருக்குற கால்சியத்தைப் பிடிக்கும், பட்ட உடனே எரிச்சல் கூட தெரியாம போகலாம், மணிக்கணக்கு கழிச்சு தான் வலி ஆரம்பிக்கும். அதுக்கு கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தனியா வச்சிருக்கணும், ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அந்த பேர் இருக்குற எதையும் நான் ஷெட்டுக்குள்ள விடுறது இல்ல, பசங்க வேலை பார்க்குற இடம். பிரேக் தூள் எடுக்க அயர்ன் ரிமூவர் போதும், அதுல இருக்குறது தயோகிளைகோலேட், இரும்புத் துகளோட சேர்ந்ததும் ஊதா கலர்ல வழியும், நாத்தம் தாங்காது, தலைமுடி சுருட்டுற பெர்ம் லோஷன்லயும் இதே குடும்பத்து கெமிக்கல் தான். பெரும்பாலும் நடுநிலை பிஎச்ல தான் வரும், ஆனாலும் சூடான ரிம்ல அடிக்காதீங்க, காய விடாதீங்க.

கலக்குற அளவு பத்தி ஒண்ணு சொல்லிட்டு நகர்றேன். 1க்கு 10னு போட்டிருந்தா ஒரு பங்கு சரக்கு, பத்து பங்கு தண்ணி, மொத்தம் பதினோரு பங்கு, அரை லிட்டர் பாட்டில்னா ஏறக்குறைய 45 மில்லி சரக்கு. கண் அளவுல ஊத்தினா ஒருநாள் 45, ஒருநாள் 120, அப்புறம் ஒரு வண்டில நல்லா வேலை செஞ்சது இன்னொரு வண்டில கறை விட்டுச்சுன்னு கம்பெனியைத் திட்டுவோம். அளவு போட்ட கப் ஒண்ணு வாங்கி வைங்க, பாட்டில் மேல மார்க்கர்ல கோடு போடுங்க.

பாலிஷ் முடிஞ்சதும் பேனல் வைப் கண்டிப்பா வேணும், எண்ணெய் பசையைத் துடைச்செடுக்குற திரவம், ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்தது. பாலிஷ்ல இருக்குற எண்ணெய், ஸ்வர்ல்னு சொல்ற வட்ட வட்டமான மெல்லிய கீறல்ல போய் உக்காந்து மறைச்சிடும், சிலதுல வேணும்னே ஃபில்லரும் சேர்த்திருப்பாங்க, ஷெட்ல பார்க்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், ரெண்டு வாஷ்ல எல்லா கோடும் வெளிய வந்துடும். அந்த எண்ணெய் மேல கோட்டிங் போட்டா கோட்டிங் பெயிண்ட்டைப் பிடிக்காது.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். கார்னோபா வாக்ஸ், பிரேசில்ல வளர்ற ஒரு பனை வகை இலையில இருந்து எடுக்குற மெழுகு, கெட்டியான இயற்கை மெழுகு அது, 82 டிகிரிக்கு மேல தான் உருகும், கருப்பு, சிவப்பு மாதிரி ஆழமான கலர்ல அது தர்ற ஈரமான பளபளப்பு எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனா சில வாரம், ரொம்ப போனா ரெண்டு மாசம். சிந்தெடிக் சீலன்ட், அதாவது மெழுகுக்குப் பதிலா செயற்கையா தயாரிக்கிற பூச்சு, சில மாசம் தாங்கும். செராமிக் கோட்டிங் வருஷக் கணக்குல, சிலிக்கா சார்ந்த கெமிக்கல், காத்துல இருக்குற ஈரத்தோட சேர்ந்து இறுகி பெயிண்ட்டோட பிடிச்சுக்கும். பிபிஎஃப்ங்குற பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிம் வேற ஜாதி, பெயிண்ட் மேல ஒட்டுற பாலியூரித்தேன் ஃபிலிம், 150ல இருந்து 200 மைக்ரான் தடிமன், முன்னாடி போற லாரில இருந்து தெறிக்கிற கல்லைத் தாங்கணும்னா இது ஒண்ணு தான் வழி, மேல இருக்குற லேயர்ல விழுற சின்ன கோடு வெயில் சூட்டுலயோ வெந்நீர்லயோ தானா மறையும். முழு வண்டிக்கும் முடியலன்னா பானட், முன் பம்பர், பக்கவாட்டுக் கண்ணாடியோட மூடி, கதவு கைப்பிடிக்குள்ள இருக்குற குழி, இதுக்கு மட்டுமாவது ஒட்டச் சொல்லுவேன். ஒட்டுறதா இருந்தா ஃபிலிம் முதல்ல, கோட்டிங் அதுக்கு மேல.

கோட்டிங் விளம்பரத்துல போடுற 9ஹெச் பத்தி சொல்லாம விட முடியாது. அது பென்சில் கடினத்தன்மை டெஸ்ட், ஒவ்வொரு பென்சிலா கோட்டிங் மேல சாய்ச்சுப் பிடிச்சுத் தள்ளி எந்த பென்சில் வரைக்கும் கோடு விழலன்னு பார்க்குறது. வைரத்துக்கு 10னு கொடுக்குற மோஸ் அளவுகோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. மண்ணுல இருக்குற குவார்ட்ஸ் துகள் பென்சில் முனையை விட ரொம்ப கடினம், அது ஒட்டின துணியால தேய்ச்சா 9ஹெச் போட்டிருந்தாலும் கோடு விழும். இதை முன்கூட்டியே கஸ்டமர்கிட்ட சொல்லுங்க, ஆறு மாசம் கழிச்சு அவர் வந்து கேட்கும்போது சொன்னா சாக்கு மாதிரி இருக்கும்.

எதைப் போடணும்னு முடிவு பண்ண நான் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், வண்டியை இனிமே எப்படி கழுவுவீங்க. ஒரு பெரியவர் வந்தாரு, ரிட்டயர் ஆனவர், அஞ்சு வருஷ கோட்டிங் தான் வேணும்னு தீர்மானமா இருந்தாரு. "சார், வண்டி யாரு கழுவுறாங்க?"ன்னு கேட்டேன். "நானே தான் தம்பி, ஞாயித்துக்கிழமை காலைல நிழல்ல நிறுத்தி, ரெண்டு பக்கெட் வச்சு, அது தான் எனக்கு உடற்பயிற்சி"ன்னாரு. வண்டியும் மூடின கராஜ்ல நிக்குது, பெயிண்ட் அருமையா இருக்கு. "சார், உங்களுக்கு இப்ப கோட்டிங் வேண்டாம், ஒரு நல்ல சீலன்ட் தர்றேன், நாலு மாசத்துக்கு ஒரு தடவை நீங்களே போடுங்க, எப்படின்னு சொல்லித் தர்றேன்"னேன். அவருக்கு சந்தோஷம் தாங்கல, போடுற வேலையும் அவர் கைக்கே வந்துடுச்சு. அதுவே தெருவுல வெயில்ல நிக்கிற வண்டி, கையில கிடைச்ச துணியால வேற யாரோ தினமும் தூசி துடைக்குற வண்டின்னா, கோட்டிங் போடுறேன், ஆனா அந்த தினசரி வறண்ட துடைப்பை நிறுத்தினா தான் போடுறதுக்கு அர்த்தம்னு தெளிவா சொல்லிடுவேன்.

கோட்டிங் மேல தண்ணி முத்து முத்தா நிக்கிறதைப் பார்த்து மயங்காதீங்க. உப்புத் தண்ணில கழுவி வெயில்ல விட்டா ஒவ்வொரு முத்தும் காய்ஞ்சு கால்சியம், மெக்னீசியம் வட்டமா நின்னுடும், கோட்டிங் போட்ட வண்டில தான் இது இன்னும் கண்ணுல படும். அதே மாதிரி முத்து நிக்கலைன்னா கோட்டிங் செத்துப் போச்சுன்னும் முடிவு கட்டாதீங்க, பல சமயம் மேல உப்புப் படிவமும் ரோட்டு அழுக்கும் அடைச்சிருக்கும், லேசான அமில ஷாம்பு போட்டு ஒரு தடவை கழுவினா திரும்ப உயிர் வந்துடும், நான் பல வண்டில பார்த்திருக்கேன். பறவை எச்சம் மட்டும் எந்த கோட்டிங்கையும் நம்பி விடாதீங்க, அன்னைக்கே ஊற வச்சு எடுத்துடணும்.

கோட்டிங் வாங்கும்போது எத்தனை வருஷம்னு பார்க்குறதை விட உங்க ஷெட்ல அது எப்படி நடந்துக்குதுன்னு பாருங்க. சூடும் ஈரமும் அதிகமான நாள்ல சில கோட்டிங் ஒரு நிமிஷத்துலயே இறுக ஆரம்பிச்சிடும், பானட் முழுக்க தடவிட்டு துடைக்கப் போனா கறுப்பாவோ வானவில் மாதிரியோ திட்டு நின்னுடும், உடனே பார்த்தா அதே கோட்டிங்கை மேல கொஞ்சம் தடவி எடுத்துடலாம், மறுநாள் பார்த்தா பாலிஷ் மெஷின் தான். அதனால ரெண்டு அடிக்கு ரெண்டு அடியா போங்க, லைட்டை சாய்ச்சு வச்சுப் பாருங்க. திறந்த பாட்டில் ஈரம் குடிச்சு கெட்டுப் போகும், கழுத்துல வெள்ளையா பொடி கட்டியிருந்தா அதைப் பெயிண்ட்ல கொண்டு போகாதீங்க, கீறல் விழும். திறந்த தேதியை பாட்டில் மேல எழுதி வைங்க.

மைக்ரோஃபைபர் பத்தி தனியா எழுதணும், இப்ப இவ்வளவு போதும்: கோட்டிங் துடைச்ச துணி திரும்ப பெயிண்ட்டுக்கு வரவே கூடாது, துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடவே கூடாது.

அப்புறம் அந்த தம்பிகிட்ட முதல்ல வாங்கச் சொன்னது ஒரு பழைய பானட். எங்க ஷெட் பின்னாடி ஒண்ணு கிடக்கு, ஆக்சிடென்ட் வண்டில இருந்து வந்தது, கருப்பு. அதை பாலிஷ் பண்ணி டேப் ஒட்டி நாலு பட்டையா பிரிச்சு வச்சிருக்கோம், ஒண்ணுல வாக்ஸ், ஒண்ணுல சீலன்ட், ஒண்ணுல செராமிக், ஒண்ணு வெறும் பெயிண்ட், வெயில்லயும் மழைலயும் அப்படியே கிடக்கும், வாரம் ஒரு தடவை ஒரே ஷாம்புல ஒரே துணில கழுவுவோம். இப்ப எட்டு மாசம் ஆச்சு. வாக்ஸ் ரெண்டாவது மாசமே போயிடுச்சு, சீலன்ட் ஆறாவது மாசம் சோர்ந்துடுச்சு, செராமிக் பட்டை இன்னைக்கும் தண்ணியை உதறித் தள்ளுது, அழுக்கும் அதுல தான் சீக்கிரம் போகுது. வேணும்னே மூணாவது மாசம் தூசி ஒட்டின துணியால நாலு பட்டையையும் குறுக்க ஒரே இழுப்பா இழுத்தேன், அந்த கோடு நாலுலயும் விட்டுப் போகாம ஓடுது, செராமிக்ல மட்டும் கொஞ்சம் மெல்லிசா தெரியுது.

அடுத்து கோட்டிங் கேட்டு வர்ற ஒவ்வொருத்தரையும் முதல்ல அந்த பானட் பக்கத்துல கூட்டிட்டுப் போய் அந்த கோட்டைக் காட்டுறேன்.