மின்விசிறியை இரைய வைத்தது யார்?

நேற்றிரவு மடிக்கணினியின் விசிறி ஓயாமல் இரைந்தது. சிபியு சும்மாதான் இருந்தது. அப்படியானால் வரைகலைச் சில்லுதான். ஆனால் அதை வேலை வாங்குவது எந்த நிரல்?

முன்பெல்லாம் இன்டெல் சில்லில் இதற்கு நேரான விடை கிடைக்காது. மொத்தச் சுமை மட்டும் தெரியும். 2022 ஜூலை இறுதியில் வெளியான லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் கரு) 5.19 பதிப்பு அந்தக் குறையைத் தீர்த்தது. இயங்கும் நிரல்களின் விவரங்களைக் கர்னல் காட்டும் ப்ராக் (/proc) கோப்பகத்தில், ஒவ்வொரு நிரலும் திறந்துள்ள கோப்புகளின் விவரம் கொண்ட எஃப்டி-இன்ஃபோவைத் (fdinfo) திறந்தால், 'டிஆர்எம்-எஞ்சின்-ரெண்டர்' (drm-engine-render) என்ற வரியில் ஓர் எண் இருக்கும். அந்த நிரலுக்காக வரைகலை எஞ்சின் இதுவரை உழைத்த நேரம், நானோநொடிகளில்.

கர்னல் சதவீதம் சொல்வதில்லை. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஒரு நொடி இடைவெளியில் இருமுறை படித்துக் கழித்தேன்: ஏறத்தாழ 40 கோடி. அதாவது 0.4 நொடி, 40 சதவீதம். எந்த இடைவெளியில் அளப்பது என்பது படிப்பவரின் உரிமை.

வரைகலைச் சில்லுடன் ஒரு நிரல் வைத்திருக்கும் ஒரே இணைப்பு பல கோப்பு எண்களாக (திறந்த கோப்புக்குக் கர்னல் தரும் எண்) நகலாகியிருக்கலாம். இணைப்பின் அடையாள எண்ணான 'டிஆர்எம்-கிளையன்ட்-ஐடி' ஒன்றாக இருந்தால் ஒருமுறைதான் கணக்கிட வேண்டும். முதலில் இதைக் கவனிக்காமல் இரட்டிப்பாகக் கூட்டிவிட்டேன்.

வரைகலைச் சில்லின் சுமையைக் காட்டும் என்விடாப் (nvtop) போன்ற கருவிகளும் இதே வரிகளைப் படிக்கின்றன. ஆனாலும் கையால் படித்துப் பாருங்கள், ஒருமுறையாவது.

கடைசியில் அகப்பட்டது உலாவி. எந்தத் தாவல் என்று கர்னலால் சொல்ல முடியாது. எல்லாத் தாவல்களுக்கும் உலாவியின் ஒரே செயல்முறைதான் (process) வரைகிறது. ஒவ்வொன்றாக மூடினேன். ஏழாவதில் விசிறி அடங்கியது.