தம்பி பேருக்கு ஒரு காய்

2024 செப்டம்பர் 5, வியாழக்கிழமை. அதிகாலை நாலரை மணிக்குப் பட்டுக்கோட்டையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கத் தொடங்கினோம். இருபத்திரண்டு பேர். முன்னால் மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டிச் சப்பரம், அதில் பாட்டுப் போட ஒரு ஒலிபெருக்கி. எல்லாரும் காவி கட்டியிருந்தோம். என் தோளில் ஒரு துணிப்பை, உள்ளே மட்டை உரிக்காத தேங்காய் இரண்டு.

காய் இரண்டும் அம்மாவின் நேர்ச்சை. கஜா புயலில் தோப்பு விழுந்தபோது நேர்ந்துகொண்டது. மறுபடி வைக்கிற தென்னம்பிள்ளை காய்த்தால் முதல் வெட்டில் இரண்டு காயை நடந்தே கொண்டுவந்து மாதாவுக்குத் தருகிறேன் என்று. இப்போது அம்மாவுக்கு வாசல்படி தாண்டவே ஆள் பிடிக்க வேண்டும். "நீ போ. உம் பேருக்கு ஒண்ணு, தம்பி பேருக்கு ஒண்ணு" என்றார். உரித்துக்கொண்டு போகிறேன், கனம் குறையும் என்றேன். "நேந்துக்கிட்டப்ப மட்டையோடதான் நெனச்சேன்" என்று முடித்துவிட்டார்.

கனம்கூடப் பரவாயில்லை. தம்பியோடு நான் பேசி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் காயை நான் ஏன் சுமக்க வேண்டும்?

2018 நவம்பர் 16 விடியற்காலையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் இரண்டு ஏக்கரில் நூற்று நாற்பது மரம், அப்பா வைத்தவை. விடிந்து பார்த்தபோது ஒன்பது நின்றன. மற்றவை வேரோடு சாய்ந்தோ, நடுவில் முறிந்தோ கிடந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு எங்கே போனாலும் அதே காட்சி. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. பட்டா அப்பா பேரிலேயே இருந்தது. அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருடம். ஓடி அலைந்து காகிதம் கொடுத்தவன் தம்பி, அதனால் பணம் அவன் கணக்கில் விழுந்தது. அவன் அதை எடுத்துத் தன் பழைய கடன் ஒன்றை அடைத்துவிட்டான். நான் கேட்டேன். அவன் ஒன்று சொன்னான், நான் இரண்டு சொன்னேன். அப்புறம் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் கீற்று வேலி.

கஷ்டம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். என் விஷயத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கஜா என்னைக் கணக்குப் பார்க்கிறவனாக ஆக்கியது. யாருக்கு எத்தனை மரம் நின்றது, யாருக்கு எவ்வளவு வந்தது என்று பூசையில் உட்கார்ந்துகூட கணக்குத்தான். சங்கு சுட்டாலும் வெண்மை தரும் என்பார்கள். சங்குக்குச் சரி. விறகைச் சுட்டால் கரிதானே?

முதல் நாள் அதிராம்பட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். ஒரு பக்கம் உப்பளம், வெயில் ஏற ஏறக் கண் கூசியது. பத்து மணிக்கே ஜெபமாலையின் அருள்நிறை மரியே வாயில் வருகிறதே தவிர மனதில் இல்லை. பை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறிக்கொண்டே இருந்தது. நேரே வந்து நின்ற ஊர்ப்பலகையைப் பார்த்தால் தம்பிக்கோட்டை. பக்கத்தில் வந்தவரிடம் சொல்லிச் சிரிக்கக்கூட முடியவில்லை, காரணம் சொல்ல வேண்டியிருக்குமே.

அன்று இரவு முத்துப்பேட்டையில் தங்கினோம். கடைவீதியில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் "நடந்தா வர்றீங்க, உக்காருங்க" என்று இருபத்திரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் தொழுகைக்குப் போய்விட்டார். என் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். எங்கள் குழுவில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா இருந்தார். ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை அப்படியே உள்ளே விட்டு அறுத்தார். நீர் நூல் வழியாக வடிந்துவிடும், தோல் உரியாது. எனக்கு முன்னால் ஆறு பேருக்கு அதைச் செய்திருந்தார். அவர் காலைக் கடைசியில்தான் பார்த்தேன். என்னுடையதைவிட மோசம்.

"பையில என்ன தம்பி, இந்தப் பாடு படுத்துது?" என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நிவாரணப் பணம் உட்பட. அவர் சிரித்துவிட்டார். "தம்பி காயி கனமாத்தான் இருக்கும்."

மறுநாள் திருத்துறைப்பூண்டி வரைக்கும் வயல்வெளி. அந்த வருடம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை. ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். ஆகவே எங்கு பார்த்தாலும் சம்பாவுக்கான வேலைதான். வாய்க்காலில் தண்ணீரைப் பார்த்ததும் குழுவில் பாதிப்பேர் ஜெபத்தை விட்டுவிட்டு விவசாயம் பேச ஆரம்பித்தார்கள். அதுவும் ஒரு ஜெபம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்று இரவு தூக்கம் வராமல் அந்த அக்கா தன் கதையைச் சொன்னார். பிறந்து வாழ்க்கைப்பட்டது எல்லாம் நாகப்பட்டினத்தை ஒட்டிய மீனவ ஊர். 2004 டிசம்பர் 26 காலையில் எட்டு வயது மகள் கையிலிருந்து நழுவிப் போனாள். "கோவம் வரலையா அக்கா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான்.

"வராமலா? பத்து வருசம் இந்த மாதா கோயில் பக்கமே தலைவச்சுப் படுக்கல. அன்னைக்கு அங்க பூசைக்கு வந்தவங்களையுந்தான கடல் கொண்டுபோச்சு. அப்பறம் ஒரு நாள் வந்தேன். திட்டத்தான் வந்தேன். ஜெபமாலைய உருட்டிக்கிட்டே திட்டினேன். மறு வருசமும் வந்து திட்டினேன்."

"இப்ப?"

"இப்ப நடந்து வர்றேன். வர்ற வழியில நாலு பேரு காலப் பாக்குறேன். கோவம் போச்சான்னு கேக்காத, அது எனக்கே தெரியாது."

அவர் தூங்கிய பிறகு எனக்கு என் மனைவியின் பைபிள் ஞாபகம் வந்தது. அவள் சீர்திருத்தத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவள், பழைய மொழிபெயர்ப்பைத்தான் படிப்பாள். கஜாவுக்கு அப்புறம் கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் பென்சிலால் கோடு போட்ட இடம் ரோமர் ஐந்தாம் அதிகாரம். உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று பவுல் எழுதுகிறார். எங்கள் பூசையில் வாசிக்கிற மொழிபெயர்ப்பில் அந்தப் பரீட்சை இருக்கும் இடத்தில் தகைமை என்று இருக்கும். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் தொக்கிமே. சோதித்துப் பார்த்துத் தேறிய தன்மை என்று அர்த்தமாம், ஒரு சாமியார் சொல்லித் தெரிந்துகொண்டது. ஒரு மொழிபெயர்ப்பு சோதனையைப் பிடித்துக்கொண்டது, இன்னொன்று அதில் தேறி வந்த குணத்தை.

நான் இத்தனை வருடமும் உபத்திரவத்திலிருந்து நேரே தகைமைக்குத் தாவப் பார்த்தேன் என்று அன்றுதான் பட்டது. நடுவில் பொறுமை என்று ஒன்று இருக்கிறது. அது சும்மா இருந்தால் வராது போலிருக்கிறது. கோபத்தோடாவது அந்தப் பக்கம் வந்துகொண்டே இருக்க வேண்டும், அந்த அக்கா மாதிரி. நெட்டை ரகத் தென்னை காய்க்க ஐந்து, ஆறு, ஏழு வருடம்கூட ஆகும். அதற்குத் தண்ணீர் விட்டு, காண்டாமிருக வண்டைக் குத்தி எடுத்துக் காத்திருந்தவன் நான். தம்பி விஷயத்தில் ஒரு நாளும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நடை நீளம், இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டோம். அன்று விநாயகர் சதுர்த்தி. வழியில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் எங்கள் சப்பரத்தை நிறுத்தி, மாதாவுக்கு ஒரு கும்பிடு போட்டு, எங்களுக்குக் கொழுக்கட்டையும் சுண்டலும் கொடுத்தார்கள். அடுத்த ஊரில் மோர். குடித்த தெம்பில் இன்னும் ஐந்து கிலோமீட்டர்.

வேளாங்கண்ணிக்குள் நுழைந்தபோது இருட்டிவிட்டது. தேர் பவனி கிளம்பியிருந்தது, கூட்டத்தில் கால் தரையில் படவில்லை. மறுநாள் எட்டாம் தேதி, ஞாயிறு, மாதாவின் பிறந்த நாள் விழா. விடியற்காலையில் நடுத்திட்டுக்குப் போனேன். கால் ஊனமான ஒரு பையன் மோர் விற்றுக்கொண்டிருந்த இடம் என்பார்கள். கையில் குழந்தையோடு வந்த மாதா மோர் கேட்டார், கொடுத்தான். நாகப்பட்டினத்துக்குப் போய் இன்னாரிடம் சொல் என்றார். எழுந்து ஓடிய பிறகுதான் தன் கால் சரியாகிவிட்டது அவனுக்கே தெரிந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். இந்த முறை மோரைக் கொடுத்தபோது அவன் ஊனமாகத்தான் இருந்தான் என்பதில் மனம் நின்றுவிட்டது.

அக்கா கடற்கரைப் பக்கம், சுனாமியில் போனவர்களின் நினைவிடத்துக்குப் போயிருந்தார். தனியாக விட்டுவிட்டேன்.

காணிக்கை செலுத்தும் இடத்தில் நீண்ட வரிசை. ஒருவர் தென்னம்பிள்ளை வைத்திருந்தார், ஒரு பெண் வெள்ளியில் செய்த சின்னத் தொட்டில். என் காயை முதலில் கொடுத்தேன். இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பி பேரைச் சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. ஐந்து வருடமாக வீட்டில் "அவன்" என்றுதான் சொல்லிப் பழக்கம். பின்னால் நின்றவர் "சார், நகருங்க" என்றார். சொல்லிவிட்டேன், அவன் ஞானஸ்நானப் பெயரையே. கை லேசாகிவிட்டது, தோள் மட்டும் இன்னும் இரண்டு நாள் வலித்தது.

திரும்பப் பேருந்தில்தான் வந்தேன். எண்ணெய் இரண்டு பாட்டில் வாங்கியிருந்தேன். ஒன்றை அம்மா காலில் தேய்க்க வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு கீற்று வேலியைச் சுற்றிப் போனேன். தம்பி மனைவி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கால்விரலால் நெல்லைத் துழாவியபடியே நின்றுவிட்டாள்.

"வேளாங்கண்ணி எண்ணெய். அம்மா சொன்னாங்க, அவன் பேருக்கும் காய் குடுத்தாச்சு."

"அவுக போர்செட்டுல நிக்கிறாக மாமா" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "உக்காருங்க, காபி போடுறேன்."

உட்கார்ந்தேன். தோப்புப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.