டோமினார் வைக்கும் செலவு

3 ஜூன் 2023

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. டோமினார் 400 பைக், செகண்ட்ஹேண்ட், 2019 மாடல், பச்சை நிறம், மீட்டரில் 31,000 சொச்சம். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் பஜாஜ் இதன் இன்ஜினை 35 குதிரைத்திறனிலிருந்து 40-க்கு ஏற்றி, முன்னால் தலைகீழ் ஃபோர்க்கையும் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் குழாய்கள்) மாட்டியது. அதனால் பழசில் தேடுகிறவர்கள் ஆர்.சி.யில் வருஷத்தை மட்டுமல்ல, மாதத்தையும் பார்ப்பது நல்லது. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்து ஆயிற்று. லோனில் வாங்கி அடைத்த வண்டி என்பதால் கடன் தீர்ந்தது என்று பேங்க் தரும் ஃபாரம் 35-ம் கையில் வாங்கிக்கொண்டேன்.

வாங்க வேண்டிய பொருள்கள் பட்டியலை நண்பர்கள் இப்போதே அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். பெரும்பாலும் பளபளக்கிற சாமான்கள். வண்டி எங்கே முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பர்ஸைத் திறப்பதாக இருக்கிறேன்.

10 ஜூன்

டயர். விற்றவர் “பட்டன் நிறைய இருக்கு சார்” என்று சொன்னது, அதாவது டயரின் மேல்கட்டைகள் தேயவில்லை என்றது, பொய்யில்லை. ஆனால் பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் 0419 என்று இருந்தது. 2019-ன் நான்காவது வாரத் தயாரிப்பு. நான்கு வருஷ வெயிலில் ரப்பர் இறுகிப்போய், நகத்தால் அழுத்தினால் தடமே விழவில்லை. பின்டயரின் நடுப்பகுதி ஹைவேயில் நேராக ஓடியே தட்டையாகிவிட்டது. அதனால் வளைவில் சாய்க்கும்போது முதலில் சாய மறுக்கிறது, அப்புறம் திடீரென்று விழுகிறது.

சென்னை ஜி.பி. ரோட்டில் இரண்டுக்கும் ரேடியல் வாங்கினேன், பழைய அளவிலேயே: முன்னே 110/70, பின்னே 150/60. கடைக்காரர் பின்னே 150-க்குப் பதில் 160 மில்லிமீட்டர் அகலம் போடச் சொன்னார். பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அதே ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அது நடுவில் கூம்பிக்கொள்ளும், சாயும் விதமே மாறிவிடும். வேண்டாம் என்றேன். புது டயரின் மேல்பூச்சு போகும்வரை நிதானமாக ஓட்ட வேண்டும்.

18 ஜூன்

அறுபதுக்கு மேல் லேசான தள்ளாட்டம். டயர் மாற்றியும் போகவில்லை. புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாகத் திருப்பச் சொன்னார். சரியாக நடுவில் வந்ததும் ‘டக்’ என்று உட்கார்ந்தது. “கோன் செட் போச்சு தம்பி. குண்டெல்லாம் பள்ளம் பறிச்சிருக்கு” என்றார். கோன் செட் என்பது ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் இருக்கும் பேரிங்.

கழற்றினால் அப்படியேதான்: கோனின் ஓட்டத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். குண்டு பேரிங்குக்குப் பதிலாக டேப்பர் ரோலர் கோன் போட்டோம். குண்டு ஒரு புள்ளியில் தாங்கும், ரோலர் ஒரு கோடு முழுக்கத் தாங்கும், ஆகையால் அத்தனை சீக்கிரம் குழி விழாது. இறுக்கும் அளவுதான் சூட்சுமம். நடுவிலிருந்து லேசாகத் தட்டிவிட்டால் ஹேண்டில் தன் எடையிலேயே இருபக்கமும் போய் விழ வேண்டும், பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆடக் கூடாது. அண்ணன் மூன்று தரம் தளர்த்தி இறுக்கினார்.

இந்த வண்டிக்கு இதுவரை செய்ததில் காசுக்கு மேல் பலன் தந்தது இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

2 ஜூலை

ஃபாக் லைட், ஜோடி, தலா 20 வாட். ஹெட்லைட் வயரை உரித்து முறுக்கி டேப் சுற்றுகிற வேலையைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. தனி ரிலே போட்டேன், சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் அது. 30-ம் எண் காலுக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேரடி லைன், 87 விளக்குக்கு, 86 ஸ்விட்சுக்கு, 85 எர்த். ஸ்விட்சுக்கான கரண்டை பார்க்கிங் லைட்டிலிருந்து எடுத்ததால், சாவியை அணைத்தால் விளக்கும் அணைந்துவிடும். இரண்டும் சேர்ந்து 40 வாட், 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியருக்குள். 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி ஒளியைத் தாழ்த்தி வைத்தேன். ஊருக்குள் இதைப் போடுவதாக இல்லை.

16 ஜூலை

வைசர், அதாவது வண்டி முகப்பில் காற்றைத் தடுக்கும் கண்ணாடி. அதன் விவகாரம் ஒருவழியாகப் பிடிபட்டது.

2021 அக்டோபரிலிருந்து டோமினாரில் உயரமான வைசர், கைக்காப்பு, கேரியர், பேக்ரெஸ்ட் எல்லாம் கம்பெனியிலேயே மாட்டி வருகின்றன. என்னுடையது அதற்கு முந்தையது என்பதால் வெளியே ஒரு பெரிய வைசர் வாங்கிப் போட்டிருந்தேன். நெஞ்சில் காற்று அடிப்பது நின்றது. ஆனால் தொண்ணூறில் ஹெல்மெட் கடகடவென்று ஆடத் தொடங்கியது. செங்கல்பட்டு போய் வருவதற்குள் தலைவலி.

ஓ.எம்.ஆரில் ஆளில்லாத காலை நேரத்தில் ஃபுட்ரெஸ்ட்டில் கால் ஊன்றிக் கொஞ்சம் எழுந்து பார்த்தேன். ஆட்டம் போய், சீரான காற்று. பிறகு குனிந்து வைசருக்குப் பின்னால் ஒடுங்கினேன். அங்கேயும் ஆட்டம் இல்லை. ஆக, வைசரின் மேல்விளிம்பில் உடைந்து சுழலும் காற்று நேராக என் ஹெல்மெட்டில் வந்து இறங்குகிறது. இன்னும் உயர்ந்த வைசர் வாங்குவது ஒரு வழி. எனக்கு அது பிடிக்கவில்லை, மழையில் அதன் ஊடாகத்தான் ரோட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். வைசரின் அடியில் வாஷர் கொடுத்துக் கொஞ்சம் முன்னே தள்ளி, கீழே காற்று நுழைய இடைவெளி விட்டேன். பின்னால் உண்டாகும் வெற்றிடம் குறைந்தால் சுழலும் குறையும். முழுக்கப் போகவில்லை, ஆனால் நூறு வரை தாங்குகிறது. என்னைவிட அரையடி குள்ளமான என் மைத்துனன் அதே வண்டியை ஓட்டிவிட்டு “எந்த ஆட்டம் மாமா?” என்று கேட்டான்! வைசருக்கு இன்னொருவர் கொடுக்கும் சிபாரிசை இதனால்தான் நம்பக் கூடாது.

22 ஜூலை

சத்தம் போடுகிற வெளிச் சைலன்சர் எப்போது மாட்டுவாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறையும் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும், நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் காதில் சுமந்துகொண்டு பெங்களூர் போக எனக்குத் தெம்பில்லை.

13 ஆகஸ்ட்

ஏலகிரி. மனைவியும் இரண்டு பைகளும் சேர்ந்து. கிளம்புவதற்கு முந்தின இரவு பின் ஷாக்கை அளந்தேன். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அச்சிலிருந்து சீட்டுக்கு டேப்பில் ஓர் அளவு. பைகளை மாட்டி இருவரும் ஏறி உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பையன் டேப் பிடிக்க இன்னோர் அளவு. 48 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பின்சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த தூரமே 110 என்பதால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 35-ஐ ஒட்டி இருந்தால் போதும். கொக்கி ஸ்பேனரால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, இரண்டு படி ஏற்றியதும் 37-க்கு வந்தது. இதற்குப் பைசா செலவில்லை. வாலைத் தூக்கியதில் ஹெட்லைட் ஒளி இறங்கியதால் அதையும் சரிசெய்தேன்.

மலையில் புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டிய 14 கொண்டை ஊசி வளைவுகள். டயரும் கோனும் சேர்ந்து கேட்ட கோட்டில் போயின. வாணியம்பாடி வரை வைசரும் ஒழுங்காக இருந்தது.

மேலே போய் இறங்கியதும் அவள், “எல்லாம் சரிங்க. பின்னாடி சீட்டு மட்டும் முன்னால சறுக்குது, வழியெல்லாம் உங்க மேலதான் வந்து விழுந்தேன்” என்றாள். உட்கார்ந்து பார்த்தேன், உண்மைதான். ஜெல் பேடு வாங்கி மேலே கட்டினால் சரிவு அப்படியேதான் இருக்கும். உறையைப் பிரித்து, முன்பக்கம் கெட்டி ஃபோம் ஏற்றி மட்டப்படுத்தச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் சீட் தைக்கிறவரிடம் போகிறோம், அவளும் வருகிறாள்.