104 எங்கே போச்சு?

நம் பிசிக்கல் கெமிஸ்ட்ரி சார் காலமான செய்தி போன மாதம் குழுவில் வந்தது. நம் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டபோது வேறு எதுவும் எழுத மனம் வரவில்லை.

மூன்றாம் ஆண்டு, மதிய வகுப்பு. ஜன்னல் வழியே காசிமேட்டு மீன் வாடை. போர்டில் இரண்டு உருண்டை, நடுவே ஒரு ஸ்பிரிங்: ஹைட்ரஜன் குளோரைடு. ஒளியை விழுங்கி அந்த மூலக்கூறின் அதிர்வு படிப்படியாக ஏறும்; ஒரு தாவலுக்கு எவ்வளவு ஆற்றல் என்பதை அலை எண்ணால், அதாவது ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்று, சொல்வார்கள். “முதல் படிக்குத் தாவினா அலை எண் 2886. ரெண்டாவது படிக்கு?” நான்தான் முந்திக்கொண்டு எழுந்தேன். “டபுள் சார், 5772.”

சார் ஒன்றும் சொல்லாமல் 5668 என்று எழுதினார். “104 எங்கே போச்சு? கண்டுபிடிச்சிட்டு உட்காரு.”

பெல் அடிக்கும்வரை நின்றேன். பின்னால் சிரித்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அன்று அவர்மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

சாயங்காலம் லேபுக்குக் கூப்பிட்டு கிராப் தாளை நீட்டினார். “மூணாவது 8347. இடைவெளியைக் கழிச்சுப் புள்ளி வை.” 2886, 2782, 2679. பென்சில் புள்ளிகள் ஒரே கோடாக இறங்கின. ஸ்கேலை வைத்து அவரே கோட்டை நீட்டினார், அது அடியில் பூச்சியத்தைத் தொடும்வரை.

“மேல போகப் போகப் படி நெருங்கும்டா. ஸ்பிரிங்னு சொன்னது நான்தான், ஆனா பிணைப்பு ஸ்பிரிங் இல்ல. இழுக்க இழுக்கத் தளரும், கடைசியில அறும். கோடு காட்டுற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே அறுந்துடும்.” சட்டைக் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூள் தாளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தது.

எவ்வளவு குளிரவைத்தாலும் அடிப்படியில்கூட அதிர்வு நிற்காது, ஒரு படியின் ஆற்றலில் ஏறத்தாழ அரைப்பங்கு மிச்சம் இருக்கும் என்பதும் அன்றுதான் புரிந்தது. பிணைப்பு நீள நீள ஆற்றல் எப்படி மாறும் என்று 1929-இல் இயற்பியலாளர் மோர்ஸ் தந்த வளைகோட்டை அதுவரை பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இங்கே டொரன்டோவில் எனக்குச் சோறு போடுவது, மூலக்கூறு எந்த ஒளியை விழுங்குகிறது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலைதான். கார்பன் மோனாக்சைடை அலை எண் 2143-இல் தேடுகிறோம். நைட்ரஜன் அதில் கோடே காட்டாது. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாற்றத்தைப் பார்க்கும் ராமன் சிதறலில்தான் 2330-இல் முகம் காட்டும். இதையெல்லாம் ராயபுரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று சார் ஆசைப்பட்டார். “எம்.எஸ்ஸி. முடிச்சிட்டு இங்கேயே வந்துடுடா” என்றார். சரி என்றுதான் சொன்னேன். விசா வந்தது, கிளம்பிவிட்டேன்.

போன வருஷம் போனில் பேசினோம். குரல் மெலிந்திருந்தது. “எப்போடா வர்றே?”

“டிசம்பர்ல சார்.”

அந்த டிசம்பரில் நான் டிக்கெட் எடுக்கவில்லை.